லேப் மட்டும் வீட்டுக்கு வரவில்லை

2021 ஆகஸ்ட்டில் மதுரையில் ஒரு வேலை விளம்பரம் வந்தது. பட்டதாரிகள் நேரில் வரலாம் என்று ஒரு தனியார் வங்கி கொடுத்திருந்த விளம்பரம். கூடவே ஒரு வரி: 2021-இல் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தகுதி இல்லை. அந்தப் படம் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. கண்டனம் கிளம்பியதும், அது அச்சுப் பிழை, எந்த ஆண்டு முடித்தவர்களும் வரலாம் என்று வங்கி விளக்கம் கொடுத்தது.

எனக்கு அந்தப் படத்தை அனுப்பியது என் மாணவி. அந்த வருடம்தான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி.

"மேம், அப்ப நாங்க படிக்கவே இல்லையா?"

"அதெல்லாம் தப்பா போட்டுட்டாங்களாம், நீ கவலப்படாதம்மா" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஆனால் அவள் கேட்டது வங்கியைப் பற்றி அல்ல என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "கொரோனா பேட்ச்" என்ற பேர் அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில், கல்யாண வீட்டில், இன்டர்வியூ அறையில், எல்லா இடத்திலும் அதே நக்கல். போன்ல படிச்சு பாஸ் ஆனவங்கதானே!

மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுக்கிறேன். அந்த பேட்சுக்கு நான்தான் வகுப்பாசிரியர். ஆகவே அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. இவ்வளவு நாள் கழித்து அதை எழுத உட்கார்ந்தால், 2020-இலிருந்து தொடங்க முடியவில்லை. இந்த ஊரில் வகுப்பறையை வீட்டுக்கு அனுப்பும் வேலை அதற்கு ஐம்பது வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் என் வீட்டு ஆள் ஒருவர் மாணவராக இருந்திருக்கிறார்.

*

முதலில் வந்தது தபால்.

இந்தியாவில் பல்கலைக்கழகப் பாடத்தைத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தது டெல்லி பல்கலைக்கழகம், 1962-இல். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் உருவானது. அதற்கு முன் இங்கிருந்த கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. புதுப் பல்கலைக்கழகம் ஐந்தே வருடத்தில், 1971-இல், அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. காமராசர் பெயர் சேர்ந்தது அப்புறம், 1978-இல். தற்செயலாக, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் ஆரம்பித்ததும் அதே 1971-தான்.

என் அப்பா அப்போது மேலூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் செகண்டரி கிரேடு ஆசிரியர். பட்டம் வாங்கினால் இன்கிரிமென்ட் உண்டு என்பதால் அந்தக் காலத்து வாத்தியார்கள் பாதிப் பேர் தபால் வழியில் பி.ஏ. படித்தார்கள். அப்பாவும் சேர்ந்தார். பழுப்புக் கவரில் பாடங்கள் வரும். பள்ளிக்கூடம் விட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, அரிக்கேன் விளக்கில் படிப்பார். அந்தக் கவர்களில் சிலவற்றை இன்னும் பரணில் வைத்திருக்கிறார்.

அப்பா அந்தப் படிப்பைப் பற்றிப் பேசினால் கவரைப் பற்றி அதிகம் பேச மாட்டார். கோடை விடுமுறையில் நடந்த நேர்முக வகுப்பைப் பற்றித்தான் பேசுவார். காண்டாக்ட் கிளாஸ் என்பார்கள். அந்தச் சில நாட்களில் சுற்று வட்டாரத்து வாத்தியார்கள் ஒன்று கூடுவார்கள். வகுப்பு முடிந்ததும் கலைய மாட்டார்கள். ஒருத்தருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், ஒருத்தருக்கு வரலாறு அத்துப்படி. மர நிழலில் உட்கார்ந்து ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்ப்பார்கள்.

"பாடம் பூரா தபால்லதாத்தா வந்துச்சு. ஆனா புரிஞ்சது அந்த மரத்தடியிலதான்" என்பார்.

பல்கலைக்கழக வளாகம் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டித் தேனி ரோட்டில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கீழக்குயில்குடியில் சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்கள், அவர்களுடைய மாணாக்கர்கள் பெயர்கள் அவற்றில் வருகின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து. பள்ளி என்றால் அன்றைக்குப் படுக்கை, துறவிகள் தங்குமிடம். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே இடத்தில் தங்கியதால்தான் தங்குமிடத்துக்கான சொல் நமக்குப் படிக்கும் இடத்துக்கான சொல்லாக மாறியது என்பார்கள். மர நிழலில் உட்கார்ந்த வாத்தியார்கள் இதை அறிந்து செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களும் ஒரு பள்ளியைத்தான் போட்டிருந்தார்கள்.

*

அடுத்து டிவி. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு 'கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்' என்ற நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் ஆரம்பித்தது. முந்தைய வருடம் விண்ணுக்குப் போன இன்சாட்-1பி செயற்கைக்கோள் அதைச் சுமந்தது. பின்னால் நாடு முழுக்க அதற்கு நிகழ்ச்சி தயாரித்த மையங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இயங்கியது.

எங்கள் ஊரில் டிவி வந்தது நான் பிறந்த பிறகுதான், அதுவும் பஞ்சாயத்து டிவி. மதிய நேரத்தில் இங்கிலீஷில் யாரோ ஒருவர் கரும்பலகை முன்னால் பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் சினிமா எப்போ போடுவார்கள் என்று உட்கார்ந்திருப்போம். அந்தப் பாடத்தில் சந்தேகம் வந்திருந்தால்கூட யாரிடம் கேட்பது? டிவி பேசும், கேட்காது.

மூன்றாவது அலை எங்கள் வட்டாரத்துக்கே நேராக வந்தது. 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். சாரி என்று திட்டத்துக்குப் பெயர். சென்னை ஐஐடியின் டெநெட் குழு, அங்கிருந்து கிளைத்த என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் சேர்ந்த திட்டம். கிராமத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்பதால், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். ஊருக்குள் ஒரு கடை, கூரையில் ஒரு ஆன்டெனா, கடைக்குள் ஒரு கம்ப்யூட்டர், பிரின்டர், வெப்கேமரா. வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டோகூட அதில் முக்கி முனகித்தான் வரும்.

அந்த வெப்கேமராவில் கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மாட்டுக்குச் சீக்கு என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்பார்கள். ஆனால் பிள்ளைகளை அந்தக் கடைக்கு இழுத்தது கம்ப்யூட்டர் வகுப்புதான். பதினாறு வயதில் நான் முதல்முதலாக மௌஸைத் தொட்டது அங்கேதான்.

கடையை நடத்தியது ஒரு அக்கா. பெயின்ட், வேர்ட், டைப்பிங் சொல்லிக் கொடுப்பார். எனக்கு அவருடைய பாடம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது, நான் டைப் செய்யும்போது அவர் பின்னால் நின்ற விதம். கையை நீட்டிச் செய்து காட்ட மாட்டார். நான் ஃபைலை சேவ் பண்ணாமல் மூடப் போகும்போது மட்டும் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"-க்கு நான் நிறுத்தி, திரையைப் பார்த்து, நானே கண்டுபிடிப்பேன்.

நாலைந்து வருடத்தில் பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, செல்போன் வந்துவிட்டது. பின்னாளில் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்தேன். கடை நடத்தியவருக்கு முன்பே கம்ப்யூட்டர் பயிற்சி இருந்த இடங்கள் மற்றவற்றைவிடக் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தனவாம். எனக்கு அது ஆராய்ச்சி முடிவாகவே தோன்றவில்லை. எங்க அக்காவைப் பற்றி யாரோ எழுதியதுபோல இருந்தது.

*

இப்போது எங்கள் லேப்புக்கு வருகிறேன். 2020 மார்ச்சுக்கு முந்தைய லேப்.

கம்ப்யூட்டரைவிட மாணவர் எண்ணிக்கை அதிகம். ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தி டைப் செய்வாள், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "ஏய், செமிகோலன் போடலடி" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் பற்றாமல் செய்த ஏற்பாடுதான். ஆனால் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இதையே 'பேர் புரோகிராமிங்' என்று பெயர் வைத்து ஒரு முறையாகச் செய்கின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன். எழுதுகிறவர் கண்ணில் படாத பிழை பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும்.

அந்த மார்ச்சில் இரண்டாம் ஆண்டுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் நடந்துகொண்டிருந்தது. சி மொழியில் லிங்க்டு லிஸ்ட் வரை வந்திருந்தோம். மார்ச் 17-ஆம் தேதியிலிருந்து தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகளை மூடினார்கள். 31-ஆம் தேதி வரைதான் என்றார்கள். பிள்ளைகள் ரெக்கார்ட் நோட்டை லேப் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். 25-ஆம் தேதி அதிகாலை தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அன்றைக்கே நாடு முழுக்க ஊரடங்கும் ஆரம்பித்தது.

ஏப்ரலில் "ஆன்லைன்ல எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எதில் எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஜூமில் ஆரம்பித்தேன், இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். அது பாதுகாப்பானதல்ல என்று உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 16 அன்று எச்சரித்தது. கூகுள் மீட் மே மாதத்தில் எல்லோருக்கும் இலவசமானது, அங்கே மாறினோம். அதற்குள் எங்களுக்குச் சம்பளம் பாதியாகியிருந்தது. அந்தப் பாதியில்தான் டேட்டா பேக் போட வேண்டும்.

ஊரெல்லாம் ஒரு பேச்சு இருந்தது. "வரலாறு, தாவரவியல் எல்லாம் கஷ்டம். உங்களுக்கென்ன, கம்ப்யூட்டர் சப்ஜெக்ட்தானே, ஆன்லைனுக்குன்னே பொறந்தது." நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் தலைகீழாக இருப்பது புரிந்தது. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு வேண்டிய புத்தகம் பிடிஎஃப்பாகப் போனுக்கு வந்துவிடும். என் பிள்ளைகளுக்கு வேண்டியது கம்ப்யூட்டர். அது இருந்தது பூட்டிய லேப்பில்.

2017-18-இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 10.7 சதவீதம். கிராமத்தில் 4.4 சதவீதம். தமிழ்நாட்டில் 2011-இலிருந்து பள்ளி மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்து வந்தது, அதனால் நம் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. என் வகுப்பிலும் சிலரிடம் அந்த லேப்டாப் இருந்தது. சிலருடையதில் பேட்டரி செத்திருந்தது. சிலர் வீட்டுக் கஷ்டத்துக்கு விற்றிருந்தார்கள். மிச்சப் பேருக்குப் போன்தான். அதுவும் பத்தாவது படிக்கிற தம்பியோடு பங்கு போட்ட போன். ஒரு பையன் செங்கல் சூளையிலிருந்து வகுப்பில் சேருவான். ஒருத்தி நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவோடு கண்மாய்க் கரையில் இருப்பாள், சிக்னல் அங்கேதான் கிடைக்கும் என்பாள்.

பாடம் போய்ச் சேர்ந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலையை உடைக்காமல் இருந்திருந்தால் அதுகூட நடந்திருக்காது. பத்து நிமிட வீடியோக்களாக வெட்டி அனுப்பினேன். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு "மேம், பாயின்டர்ல அந்த ஸ்டார் எதுக்கு மேம்?" என்று தனியாகக் கேட்டார்கள். நிறுத்தி நிறுத்தி, நாலு தடவை பார்த்தோம் என்றார்கள். நேர் வகுப்பில் என்னை நாலு தடவை நிறுத்த எவளுக்குத் தைரியம் வரும்?

லேப் வகுப்பில்தான் எல்லாம் உடைந்தது.

எங்கள் பாடத்திட்டத்து நிரல்கள் எல்லாம் டர்போ சி-க்காக எழுதியவை. 1990-களின் தொடக்கத்தில் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ சி++ 3.0-ஐத்தான் 2020-லும் ஓட்டிக்கொண்டிருந்தோம். நீலத் திரை, பழைய டாஸ். புது விண்டோஸில் அது நேராக ஓடாது என்று டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்குள் வைத்து ஓட்டுவோம். ஒவ்வொரு நிரலும் கோனியோ என்ற ஹெடர் ஃபைலோடு ஆரம்பிக்கும். திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் ஒரு விசைக்காகக் காத்திருக்க ஒரு வரி. பிள்ளைகள் அதை மந்திரம்போல மனப்பாடம் செய்திருந்தார்கள்.

போனில் இருந்த ஆன்லைன் கம்பைலர்கள் அந்த முதல் வரியிலேயே நின்றுவிட்டன. கோனியோ என்ற ஃபைலே இல்லை என்று சிவப்பு எழுத்து. சி மொழியின் தரநிலையில் அது கிடையாது, டாஸ் காலத்துக் கம்பைலர்கள் சேர்த்துக்கொண்டது. ஒரே மணி நேரத்தில் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட்டாகக் குவிந்தது. "மேம் எனக்கு எர்ரர்", "மேம் எனக்கும்", "மேம் லேப்ல ஓடுச்சே மேம்."

அந்த "லேப்ல ஓடுச்சே" என்னைச் சுட்டது. இத்தனை வருடமாக எங்கள் லேப்பில் மட்டும் ஓடக்கூடிய ஒரு சி மொழியை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாடத்திட்டம் அப்படி, பழக்கம் அப்படி, நானும் படித்தது அப்படி. வகுப்பறையை விட்டு வெளியே வந்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அன்றைக்கே எல்லா நிரலையும் திருத்தி எழுத ஆரம்பித்தேன். ஆன்லைன் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

ஆனால் அடுத்த பிழைக்கு வழி இல்லை. ஸ்கேன்எஃப் வரியில் மாறியின் பெயருக்கு முன்னால் ஆம்பர்சண்ட் குறி போட மறந்தால் நிரல் ஓடும்போது செத்துவிடும். காரணமும் சரியாகச் சொல்லாது. லேப்பில் இதைப் பக்கத்துச் சீட்டுப் பிள்ளை ஒரு விநாடியில் சொல்லிவிடும். போனில் அரை ஸ்க்ரீன் கீபோர்டு, மிச்ச அரையில் நாலு வரி தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டில் பிழை இருக்கும் வரி இருக்காது. பிழை எங்கே என்று தெரிந்தவருக்குத்தானே சரியான வரியைப் படம் எடுக்கத் தெரியும்? ஒரு குறிக்காக மூன்று நாள் போராடினார்கள் சிலர். சிலர் போராடுவதை விட்டுவிட்டு, ஓடிய ஒருத்தியின் நிரலை வாங்கி அப்படியே அனுப்பினார்கள். நான் அவர்களைத் திட்டவில்லை.

அப்பாவிடம் ஒரு நாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். எழுபது வயது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாடம் போன்ல வந்துருச்சு, சரித்தா. பக்கத்துல யாரு உக்காந்தா?" என்றார்.

*

அந்தக் கேள்வியோடு மற்ற இடங்களைப் பார்த்தேன். உலகத்துக்கே வழிகாட்டி என்று சொல்லப்படும் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வெறும் டிவி, தபாலை நம்பவில்லை. அறிவியல் மாணவர்களுக்கு வீட்டுக்கே சோதனைக் கருவிப் பெட்டி அனுப்பியது. 1970-களில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு, ஊர்தோறும் இருந்த படிப்பு மையங்களில் டெர்மினல் வைத்துத் தொலைபேசி வழியாகப் பெரிய கணினியோடு இணைத்தது. அதாவது லேப்பை மாணவர் இருக்கும் பக்கம் நகர்த்தினார்கள்.

2011-இல் செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். நம் ஐஐடிக்களும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் ஆரம்பித்த என்பிடெல் வீடியோக்களைப் பார்த்துத்தான் என்னைப் போன்ற பல ஆசிரியர்களே பாடம் தயாரிக்கிறோம். 2014-இலிருந்து அதில் சான்றிதழும் உண்டு. அந்தச் சான்றிதழ்த் தேர்வுக்கு நேரில் போய் உட்கார வேண்டும்.

2020 ஜூன் 30 அன்று சென்னை ஐஐடி, நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த ஆன்லைன் பட்டப்படிப்பை அறிவித்தது. பிளஸ் டூ முடித்த யாரும் ஜேஇஇ இல்லாமல் சேர முயற்சி செய்யலாம், நாலு வாரப் பாடம், ஒரு தகுதித் தேர்வு. அந்த அறிவிப்பு வந்த அன்றைக்கு மதுரை மறுபடியும் முழு ஊரடங்கில் இருந்தது. என் மாணவி ஒருத்தி லிங்க் அனுப்பி, "மேம் ஐஐடியே ஆன்லைன் ஆயிருச்சு" என்றாள். உண்மைதான். ஆனால் அவர்கள் முதல் நாளிலிருந்து ஆன்லைனுக்கென்றே கட்டிய படிப்பு அது. வாராவாரம் பயிற்சி, கேள்வி கேட்க ஆள், குவிஸும் இறுதித் தேர்வும் பல ஊர்களில் நேரில். நாங்கள் செய்தது வேறு. தீப்பிடித்த வீட்டிலிருந்து கைக்குக் கிடைத்த சாமானை அள்ளிக்கொண்டு ஓடினோம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததில்தான் "கொரோனா பேட்ச்" என்ற கெட்ட பேரின் பாதி இருக்கிறது.

*

ஆகஸ்ட் 26 அன்று முதலமைச்சர், கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வு எழுதாமலே தேர்ச்சி என்று அறிவித்தார். ஊரெல்லாம் நன்றி போஸ்டர். மிச்சப் பாதிக் கெட்ட பேர் அன்று வந்தது. 2021 ஜனவரியில் 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டை என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது ஊரடங்கு ஆரம்பித்துப் பத்து மாதம் கழித்து.

அதற்கு முன்பே, 2020 டிசம்பர் 7 அன்று இறுதியாண்டுக்குக் கல்லூரி திறந்தது. என் பிள்ளைகள் இப்போது மூன்றாம் ஆண்டு. எல்லோரும் வரவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ரெண்டு பையன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். வந்தவர்களை லேப்புக்குள் விட்டேன். அலமாரியில் ரெக்கார்ட் நோட்டுகள் மார்ச்சில் வைத்த இடத்திலேயே இருந்தன, மேலே தூசி.

இடைவெளி விட்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள், ஒரு சிஸ்டத்துக்கு ஒரு ஆள். நிரல் எழுதச் சொன்னேன். முதல் வரிசையில் இருந்தவன் கீபோர்டின் இரண்டு ஓரத்தையும் விரல்களால் பிடித்துக்கொண்டு, ரெண்டு கட்டைவிரலாலும் எழுத்தைத் தேடித் தேடி அமுக்கினான். ஒன்பது மாதம் போனில் எழுதிய கை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் திரையைப் பார்த்தால், கோனியோ இல்லாமல், தரநிலைப்படி, சுத்தமாக ஒரு லிங்க்டு லிஸ்ட். முந்தைய எந்த பேட்சும் எனக்கு அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

மார்ச்சில் இரண்டாம் அலை வந்து மறுபடி மூடினார்கள். ஏறக்குறைய மூன்றரை மாதம்தான் லேப் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஃபைனல் ப்ராஜெக்ட் முடித்து, வீட்டிலிருந்து பரீட்சை எழுதி, 2021-இல் பட்டம் வாங்கினார்கள். ஆகஸ்ட்டில் அந்த விளம்பரம்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2021 செப்டம்பரில் கல்லூரிகள் முழுதாகத் திறந்தன. நவம்பரில் மதுரையில் மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஆன்லைனில் பாடம் நடத்திவிட்டு நேரில் பரீட்சை வைக்காதீர்கள் என்பது கோரிக்கை. போலீஸ் வழக்குகூடப் போட்டது. படிக்காத பிள்ளைகள் என்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. பாடம் எந்த வழியாக வந்ததோ, அந்த வழியாகவே எங்களைச் சோதியுங்கள் என்பதில் என்ன தப்பு? மூன்றாம் அலையில் அந்தத் தேர்வுகள் ஆன்லைனுக்கே போயின. வீட்டில் ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, அசல் தாளைத் தபாலில் அனுப்பச் சொன்ன தேர்வுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. கம்ப்யூட்டர் நிரலைப் பேனாவால் தாளில் எழுதி, பழுப்புக் கவரில் போட்டு, தபால் ஆபீஸ் வரிசையில் நின்ற பிள்ளையை நான் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

*

இப்போது நான் பாடத்தை இன்னும் வீடியோவாகத்தான் அனுப்புகிறேன். வகுப்பில் அதைப் பற்றிக் கேள்வி மட்டும். மிச்ச நேரத்தை லேப்புக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். டர்போ சி போய்விட்டது. ஒரு சிஸ்டத்துக்கு ஒரு ஆள் என்று உட்கார வைக்கும் அளவுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்த பிறகும் முதல் இரண்டு மாதம் ரெண்டு ரெண்டு பேராகவே உட்கார வைக்கிறேன். ஏன் மேம் என்று கேட்கிறார்கள். பிழை வரும்போது தெரியும் என்கிறேன்.

உசிலம்பட்டிப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது. நீங்கள் படித்தீர்கள். உங்கள் அக்கா அண்ணன்மார் படித்த அதே பாடத்தை, ரெண்டு பேராக உட்கார்ந்து செய்ய வேண்டியதை, தனியாக, உள்ளங்கை அளவு திரையில் படித்தீர்கள். உங்களுக்குக் கிடைக்காமல் போனது பாடம் இல்லை, பக்கத்துச் சீட்டு. அதைக் கொடுத்திருக்க வேண்டியது நீங்கள் இல்லை, நாங்கள்.

அவள் இப்போது ஒத்தக்கடையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒன்று டைப் செய்துகொண்டிருந்தது. இவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை எதையோ மூடப் போனது.

"ம்ம்" என்றாள்.